ஆற்றைத் தேய்த்துக் கழுவினோம்

அந்த அம்மையார் ஆற்றங்கரையில் முழந்தாளிட்டு ஒரு வெள்ளைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் மணல் இருந்தது. வேறு ஒன்றும் இருக்கவில்லை.

எழுந்து, நீண்ட கைப்பிடி வைத்த வலையை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார். ஓடிவரும் தண்ணீருக்கு வலையின் வாயைக் காட்டிப் பிடித்தபடி, அதற்கு முன்னால் கிடந்த கற்களைச் சப்பாத்துக் காலால் கிளறினார். கிளறியதெல்லாம் வலைக்குள் போயிற்று. வலையைத் தட்டில் கவிழ்த்தார். மீண்டும் தண்ணீர், மணல்.

“இங்கே எதுவும் வாழவில்லை,” என்றார். ஜேர்மன் மொழியில் அதற்கு மூன்றே சொற்கள். மூன்றும் எனக்கு நன்றாக விளங்கின.

அவர் பெயர் பிரிங்மன், ஜேர்மன் மரியாதைக்கு ஃபிராவ் பிரிங்மன். எங்கள் நகரத்தின் நீர்நிலைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் உயிரியலாளர். ஆற்றின் கற்களுக்கடியில் என்னென்ன பூச்சி புழு இருக்கிறது என்று பார்த்து, அதை வைத்து ஆற்றுக்குப் புள்ளி போடுவது அவருடைய தொழில். அன்று காலை அவர் புள்ளி போட வந்தது, எங்கள் கோயிலின் தீர்த்தத் திருவிழாவுக்காக நாங்கள் கேட்டிருந்த ஆற்றுத் துண்டுக்கு. கோயில் சார்பில் பக்கத்தில் நின்றவன் நான். நிற்பது மட்டும்தான் என் வேலை. அதையும் கால் மாற்றி மாற்றித்தான் செய்தேன்.

பிறகு அவருடைய கண்ணில் ஒரு கல் பட்டது. கரையோரம், பாதி தண்ணீருக்குள் கிடந்த பெரிய கல். அதன் நெற்றி முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாய் ஒரு வட்டம்.

பிரிங்மன் பையிலிருந்து கையுறை எடுத்து மாட்டினார். சின்னக் கத்தியால் மஞ்சளைச் சுரண்டி ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டார். பையின் வாயை மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து மணந்து பார்த்தார்.

“என்ன இரசாயனம் என்று தெரியவில்லை. மேலே யாரோ எதையோ திறந்துவிட்டிருக்கிறார்கள். உடனே அறிவிக்க வேண்டும்,” என்று கைபேசியை எடுத்தார்.

ஜேர்மனிக்கு வந்து எனக்குத் தலை நரைத்து, நரைத்ததிலும் பாதி உதிர்ந்துவிட்டது. அவ்வளவு காலமும் சேர்த்துவைத்த ஜேர்மன் மொழி அந்தக் கணத்தில் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டது. பொலிஸ், தீயணைப்புப் படை, ஹெலிகொப்டர், மறுநாள் பத்திரிகையில் என் படம், படத்தில் என் வயிறு, எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“ஒருவேளை எல்லாம் நித்திரையாக இருக்கலாம்.”

குளோரின்காரன்

இந்தத் தொடரை இன்றுதான் புரட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் நகரசபையின் உள்ளக நீச்சல் தடாகத்தில் வேலை செய்கிறேன். மேலே நீலத் தண்ணீரில் பிள்ளைகள் குதிப்பார்கள். கீழே நிலக்கீழ் அறையில் குழாய்களுக்கும் பம்பிகளுக்கும் நடுவே நான் இருப்பேன். குளோரின் அளவு பார்ப்பேன், வடிகட்டிகளைக் கழுவுவேன், இரவு மூடிய பிறகு சுவர் ஓடுகளைத் தேய்ப்பேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. இதைக் கேட்டு ஜேர்மன்காரர் சிரிப்பார்கள். நம்முடைய ஆட்கள் நம்பவே மாட்டார்கள். மின்சாரசபையில் வேலை செய்கிறவனுக்கு மின்னலைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு.

என் தொழிலில் நல்ல தண்ணீர் என்றால் செத்த தண்ணீர். அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது, நெளியக் கூடாது, ஒட்டக் கூடாது. ஓட்டில் விரலை வைத்தால் வழுக்கக் கூடாது. அந்த வழுக்கலை ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் வெளியே என் பெயர் வேறு மாதிரிப் பரவிவிட்டது. சிவா தண்ணீர் பரிசோதிக்கிறவன். யாருடைய வீட்டு மீன்தொட்டி கலங்கினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். ஒருவர் தன் மாமியாரின் கால் வீக்கத்துக்கே என்னிடம் யோசனை கேட்டார். “உடம்பில தண்ணி கூடிப்போச்சாம் அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் உப்பைக் குறைக்கச் சொன்னேன். அப்படிப்பட்டவன் நான்.

தொட்டிக்குள் தீர்த்தம்

எங்கள் கோயில் சின்னது. ஒரு பழைய தளபாடக் கடையின் பின்பக்கம். அதை நடத்துகிறவர் பத்மா அக்கா. முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலையும் அந்த இல்லத்தின் ஒழுங்கிலேயே நடத்துவார். பூசைக்குப் பிந்தினால் ஐயரே பின்கதவால்தான் வருவார்.

கோடையில் திருவிழா. கடைசியில் அம்மனைத் தண்ணீருக்குக் கொண்டுபோய் நீராட்ட வேண்டும். அதுதான் தீர்த்தம். எங்களிடம் தண்ணீர் இல்லை. ஆகவே வருடாவருடம் கார் நிறுத்தும் இடத்தில் பிள்ளைகள் விளையாடும் காற்றடித்த தொட்டி ஒன்றை வைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி, அதற்குள் அம்மனை இறக்கினோம். தொட்டியைச் சுற்றிச் சிரிக்கும் டொல்பின்களின் படம். ஐயர் எவ்வளவு பட்டுத்துணி சுற்றினாலும் ஒரு டொல்பின் எங்காவது எட்டிப் பார்க்கும்.

“ஊன்ட்றொப்புப் பெரிய கோயில் அம்மன் கப்பல் போற கால்வாயில இறங்கிறா,” என்று பத்மா அக்கா ஒரு கூட்டத்தில் சொன்னார். “எங்கட அம்மன் காத்தடிச்ச தொட்டியில. நான் இந்த வருசத்தோட மகளிட்டைக் கனடாவுக்குப் போறன். போக முன்னம் ஒருக்கா, ஒரேயொருக்கா, அவ ஓடுற தண்ணியில இறங்கிறதைப் பாக்கவேணும். நானும் அதில முழுகவேணும்.”

அக்கா எதையும் வேணும் என்று கேட்டு நாங்கள் கண்டதில்லை. கட்டளை போட்டுத்தான் கண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் ஒன்று இருக்கிறதே என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றில் நிற்கும், கேணியில் நிற்கும், கடலில் வந்துவந்து போகும். ஆற்றோடு எங்களுக்குப் பழக்கம் இல்லை. பழகாத ஆளோடு எப்படிக் கதைப்பது என்று தெரியாததுபோல, ஆற்றோடு எப்படி நடந்துகொள்வது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

அது தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுந்து நின்று சொன்னேன்: “ஆத்தை என்னட்டை விடுங்கோ அக்கா.”

பக்கத்தில் இருந்த என் மனைவி ரஞ்சி தலையில் கை வைத்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

இரண்டு கேள்வி

நகரசபைக்கு எழுதினோம். இரண்டு அலுவலகங்களிலிருந்து பதில் வந்தது.

சுகாதார அலுவலகத்தில் ஹெர் வேபர் என்று ஒருவர். மனிதக் குடலில் இருந்து வரும் கிருமிகள் ஆற்றில் எவ்வளவு என்று பார்த்து, குளிக்கலாமா கூடாதா என்று சொல்வது அவர் பொறுப்பு. மற்றவர் பிரிங்மன். அவர் பார்க்க வேண்டியது, அத்தனை கால்கள் ஆற்றுக்குள் இறங்கினால் அங்கே குடியிருக்கும் மீன்குஞ்சுகளுக்கும் பூச்சிகளுக்கும் என்ன ஆகும் என்பது.

ஆறு எங்களுக்கு ஆகுமா என்பது முதல் கேள்வி. நாங்கள் ஆற்றுக்கு ஆவோமா என்பது மற்றது. இரண்டாவது கேள்வியை நான் அதுவரை எங்கேயும் கேட்டதில்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மொழிபெயர்ப்பில் பிழை விட்டேனோ என்று ரஞ்சியிடம் கொடுத்தேன்.

“சரியாத்தான் இருக்கு,” என்றாள். “உங்களைப் பற்றி விசாரிக்கினம்.”

இருவரும் ஒரே காலையில் வருவதாக டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைத்தது.

தும்புத்தடிப் படை

அதற்கு முதல் நாள் மத்தியானம் அக்கா அழைத்தார்.

“தம்பி, நான் போய்ப் பாத்தனான். கல்லெல்லாம் பாசி. இலை குப்பையா ஒதுங்கிக் கிடக்கு. நாளைக்கு அவை வந்து பாத்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் கூட்டிக் கழுவுவோம். தீர்த்தம் என்றால் கேணியை இறைத்துத் துப்புரவாக்குவோம். இதில் கேள்விக்கே இடமில்லை. அதோடு நான் வேறு ஓடு தேய்க்கிறவன். வழுக்குகிற கல்லைக் கண்டால் எனக்குக் கை ஊறும்.

ஒரு வான் நிறைய ஆட்கள் போனோம். நீச்சல் தடாகத்தில் பழசென்று ஒதுக்கிய தேய்ப்புத் தூரிகைகள், தும்புத்தடி, வாளி, குப்பை வாரி. நான் கடைசியாக ஒரு குளோரின் வாளியையும் ஏற்றினேன். ரஞ்சி அதை இறக்கினாள்.

“உங்களுக்கென்ன விசரா? மீன் செத்து மிதந்தா ஆர் பதில் சொல்றது?”

“கொஞ்சமாத்தானப்பா.”

“நீங்கள் ஒண்டையும் கொஞ்சமாச் செய்யிறேல்லை.”

இன்றைக்கு நான் சிறைக்கு வெளியே இருந்து இந்தத் தொடரை எழுதுவதற்கு அவள்தான் காரணம்.

அங்கே போய் ஒவ்வொரு கல்லாகத் தூக்கினோம். மேலே தேய்த்தோம், கீழே தேய்த்தோம், கழுவித் திரும்ப வைத்தோம். இலைகளை வாரினோம். தண்ணீருக்குள் நின்ற பூண்டுகளைப் பிடுங்கினோம். ஒரு கலியாணப் பந்தல் அளவு இடம். வெயில் சாயும்போது பார்த்தால் கற்கள் எல்லாம் விளம்பரத்தில் வருகிற பற்களைப்போல இருந்தன. அக்கா கரையோரத்துப் பெரிய கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அதுதான் அந்தக் கல். அதுதான் அந்த வெறும் தட்டு.

வடையோடு வந்த விளக்கம்

இனிக் காலைக்குத் திரும்பலாம். பிரிங்மன் கையில் கைபேசி. நான் நித்திரை பற்றிய என் ஆய்வை வெளியிட்டுவிட்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கரைச் சரிவில் பத்மா அக்கா இறங்கி வந்தார். பட்டுச்சேலை, காலில் ரப்பர் சப்பாத்து, ஒரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர், மற்றதில் வடைப் பெட்டி.

அக்காவின் ஜேர்மன் மொழி, காது மந்தமான முதியவர்களோடு பேசிப் பழகியது. சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, ஒளிவில்லாமல் வரும்.

“வடிவாய் இருக்கல்லோ?” என்று பிரிங்மனைக் கேட்டார். “நேற்று எல்லாக் கல்லையும் கழுவினனாங்கள். ஒண்டையும் விடேல்லை.”

கைபேசியை நீட்டிப் படங்களைக் காட்டினார். பிரிங்மன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் நான் இருந்தேன். ஒரு கல்லை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிள்ளைக்கு முழுக வார்க்கும் தாய்போலத் தேய்த்துக்கொண்டு.

அவர் தன்னுடைய கைபேசியைப் பைக்குள் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நித்திரை,” என்றார்.

“இந்த மஞ்சள்?” என்று அக்காவிடம் பையைக் காட்டினார். அக்கா ஒரு வடையைப் பிட்டு உள்ளே இருந்த மஞ்சள் நிறத்தைக் காட்டி, “இதுதான்,” என்று அந்தப் பாதியை அவர் கையிலேயே வைத்தார். பிரிங்மன் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார். பிறகு புல்லில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. நான் அழுகிறார் என்றே நினைத்தேன். என் பயத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றுதான்.

சிரித்து முடித்ததும் சொன்னார்: “நீங்கள் கழுவியது அழுக்கு அல்ல. அது சாப்பாடு. அந்த வழுக்கலை மேய்ந்துதான் பாதி ஆறு சீவிக்கிறது. வாரிய இலைகள் மற்றப் பாதிக்கு.”

அக்காவின் முகம் சுருங்கியது. “அப்ப நாங்கள் அவையின்ர குசினியையே கழுவி ஊத்தினமோ?” என்று தமிழில் என்னிடம் கேட்டார்.

ஓம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

சட்டை போட்ட புழு

பிரிங்மன் என்னை வளைவுக்கு மேலே, எங்கள் தூரிகை படாத இடத்துக்குக் கூட்டிப்போனார். அதே வலை, அதே கிளறல், அதே வெள்ளைத் தட்டு. முதலில் இலையும் சேறும் மட்டும் தெரிந்தன. “பொறுங்கள்,” என்றார்.

பொறுத்தேன். தட்டு அசையத் தொடங்கியது.

கூனிறால் போன்ற ஒன்று ஒருக்களித்துப் படுத்தபடியே நீந்தியது. தட்டையாய், மூன்று வால் வைத்த ஒன்று தட்டின் அடியோடு ஒட்டியபடி விளிம்புக்கு ஓடியது. ஓட்டம் பலமான இடத்தில் பிடி விடாமல் இருப்பதற்குத்தான் அந்தத் தட்டை உடம்பாம். ஒரு சின்னக் குச்சி, குச்சி என்று நான் நினைத்தது, ஒரு முனையில் தலையை நீட்டி நடந்தது. கிட்டப் பார்த்தால் அது மணல் மணலாய் ஒட்டித் தைத்த சட்டை. உள்ளே ஒரு புழு. மணிகளை அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தது. என் வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்தவர் அவ்வளவு கவனம் எடுக்கவில்லை.

நான் தட்டை விட்டு எழும்பவில்லை. இது என்ன, அது என்ன, இது எதைத் தின்னும், அதை எது தின்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு வருடமும் தண்ணீரோடு சீவித்தவன், தண்ணீருக்குள் ஆட்கள் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர் ஒரு கம்பி போன்ற கருவியை ஆற்றுக்குள் விட்டு, கரைந்திருக்கும் ஒட்சிசனைப் பார்த்தார். வெப்பநிலையைப் பார்த்தார். நல்லது என்றார்.

“கருவி இருக்கும்போது ஏன் புழுவைப் பிடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கருவி இன்று காலையை மட்டும் சொல்லும். இவை இவ்வளவு நாளும் இங்கேயே இருந்தவை. இடையில் என்றைக்காவது கெட்ட தண்ணீர் வந்திருந்தால் இந்த மூன்று வால்காரர் முதலில் போயிருப்பார். அவர் இருக்கிறார் என்றால் ஆறு ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையை ஒருதரம் நேரில் பார்ப்பது கருவி. அன்றைக்கு அவன் தலை சீவி, சேட்டு மடித்து, தேத்தண்ணீரைச் சத்தமில்லாமல் குடிப்பான். அயலட்டையில் விசாரிப்பதுதான் புழு. இதை நான் ஜேர்மனில் சொல்ல முயன்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மிடறு

அந்த உற்சாகத்தில்தான் விழுந்தேன். சட்டைப் புழுவை நானே ஆற்றில் விடுகிறேன் என்று குனிந்தேன். காலடியில் இருந்தது யாரும் தேய்க்காத கல். தண்ணீர் முழங்கால் வரைதான். அதற்குள் முழுதாக மறைந்து எழும்பிக் காட்டினேன். எழும்பும்போது வாய் நிறைய ஆறு. அதில் ஒரு மிடறு உள்ளே போய்விட்டது.

கரையில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார் ஹெர் வேபர். கையில் கிருமி நீக்கிய போத்தல்.

“விழுங்கினீர்களா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அதுதான் பயங்கரம். எங்கள் ஆற்றுத் துண்டுக்குப் போய், முழங்கை வரை கையை விட்டு, போத்தலின் வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்பி, மூடி, குளிர்பெட்டிக்குள் வைத்தார். “கிருமி இருந்தால் அது வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு நாள் ஆகும்,” என்றார்.

ஆற்றின் ஒரு பகுதி ஆய்வுகூடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. மற்றப் பகுதி எனக்குள். நான் சாய்கதிரையில் படுத்து வயிற்றின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தேடினேன்.

“போத்தல் உங்களைவிட நிம்மதியா இருக்கும்,” என்றாள் ரஞ்சி. “எழும்பிச் சாப்பிடுங்கோ.”

“சாப்பாடு இறங்காதப்பா.”

“ஆறு இறங்கினதுதானே.”

இரண்டாம் நாள் வேபருக்கு நானே அழைத்தேன். “எந்த முடிவு வேண்டும், ஆற்றினுடையதா உங்களுடையதா?” என்று கேட்டார். அலுவலர்கள் பகிடி விடமாட்டார்கள் என்று யார் சொன்னது.

முடிவு நல்லது. குளிக்கலாம். நான் அந்த நிமிடமே குணமாகி இடியப்பம் சாப்பிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பலத்த மழை பெய்தால் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி, மிச்சம் ஆற்றுக்குள் வழியும். அப்படிப் பெய்தால் மூன்று நாளைக்கு யாரும் குளிக்கக் கூடாது.

பிரிங்மனின் பதிலும் வந்தது. கடிதமாக அல்ல, அக்காவுக்குத் தொலைபேசியில். நாங்கள் தேய்த்த அந்தத் துண்டுக்குள் மட்டும் இறங்கலாம். “வீட்டை நீங்களே காலி பண்ணிவிட்டீர்கள். மேலேயிருந்து புதுக் குடித்தனம் மிதந்து வந்து சேரச் சில கிழமை எடுக்கும். அதற்குள் விழாவை முடியுங்கள். இனிமேல் தூரிகை கொண்டுவரக் கூடாது.”

அக்கா அன்றைக்கே தூரிகைகளை என்னிடம் திருப்பித் தந்தார்.

வானம்

தீர்த்தத்துக்கு முன்னைய இரண்டாம் நாள் பெய்தது. சாதாரண மழை இல்லை. கோயில் தகரக் கூரையில் தேங்காய் உடைக்கிற மாதிரிப் பெய்தது. உள்ளே அத்தனை பேரும் மழை நிற்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றோம். மழைக்காக நேர்த்தி வைத்த பரம்பரை.

வேபருக்கு அழைத்தேன். மாதிரி எடுக்கவே தேவையில்லை, மேலே குழாய்கள் வழிந்துவிட்டன என்றார். பிரிங்மனுக்கு அழைத்தேன். பூச்சிகள் கல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கும், இப்படியொரு மழை அவற்றுக்குப் பழக்கம் என்றார். ஆக, ஒரே ஆறு, ஒரே நாள். அவற்றுக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது. முன்பென்றால் இது என்ன நியாயம் என்று கேட்டிருப்பேன். இப்போது குடல் யாருடையது என்று யோசித்தேன். வழிந்தது எங்களுடையதுதான்.

அக்கா ஒரு மூலையில் பூ கட்டிக்கொண்டிருந்தார். “தொட்டியைக் கழுவி வையுங்கோ,” என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

கட்டளை போடுகிற குரல் அது இல்லை. நான் வெளியே போய் மறுபடி வேபரை அழைத்தேன்.

“மனிதர் குளிக்கக் கூடாது என்கிறீர்கள். சரி. அம்மன்?”

மறுபக்கம் பேனா சொடுக்கும் சத்தம் கேட்டது. “உருவம் எதனால் ஆனது?”

“உலோகம்.”

“தண்ணீரை விழுங்குவாரா?”

“நாங்கள் பார்க்க விழுங்கியதில்லை.”

“அப்படியென்றால் குளிக்கிறவர்களுக்கான விதி அவரைக் கட்டுப்படுத்தாது,” என்றார் வேபர். “ஆனால் தூக்கிச் செல்கிறவர்களின் தோலில் தண்ணீர் படக் கூடாது. ஒருவருக்கும் தெளிக்கவும் கூடாது.”

தோலில் படாமல் ஆற்றுக்குள் எப்படி நிற்பது? அதற்குப் பதில் பிரிங்மனிடம் இருந்தது. அவருடைய அலுவலகத்தில் சப்பாத்தும் காற்சட்டையும் ஒன்றாய் ஒட்டி, நெஞ்சு வரைக்கும் வரும் ரப்பர் உடுப்பு மூன்று இருந்தது. மீன்பிடிக்கிறவர்கள் போடுவது. கைக்கு நீண்ட கையுறை. கொண்டுவருகிறேன் என்றார்.

ரப்பர்

ஐயரை அந்தக் கோலத்தில் பார்த்த யாரும் மறக்கமாட்டார்கள். நெஞ்சு வரைக்கும் கரும்பச்சை ரப்பர். அதற்கு மேலே மூன்று கோடாய்த் திருநீறு, உருத்திராக்கம். பூணூல் தோள்பட்டியில் சிக்கிக்கொள்ள, அதை எடுத்து வெளியே விட்டார். “ஆகமத்தில இதுக்கு இடமில்லை,” என்றார். “மறுப்பும் இல்லை.”

மற்ற இரண்டில் ஒன்று அவருக்கு உதவியாக நின்ற அவர் தம்பிக்கு. மூன்றாவது எனக்கு. பொறுப்பாளி என்று கையெழுத்துப் போட்டவன் தண்ணீரில் நிற்க வேண்டுமாம். நீந்தத் தெரியாதென்று நான் சொன்னதை ஒருவரும் காதில் எடுக்கவில்லை. கரையில் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி, மற்ற நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ரஞ்சி அந்த முடிச்சைப் பார்த்து, “மாடு,” என்றாள்.

நாதஸ்வரம் கரையில் முழங்கியது. தீர்த்தத்தில் அம்மனாகவே நீராடும் அவளுடைய சூலம் ஐயரின் இரண்டு கைகளிலும் இருந்தது. அவர் எங்கள் துண்டுக்குள் இறங்கி, மந்திரம் சொல்லி, சூலத்தை ஓடுகிற தண்ணீருக்குள் இறக்கினார். கரையில் நின்ற சனம் முழுக்க அரோகரா என்றது.

வழக்கமாக அந்தச் சத்தத்தோடு எல்லாரும் தண்ணீருக்குள் குதிப்பார்கள். யாரும் அசையவில்லை. வேபர் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பக்கம் நின்றார். பிரிங்மன் மறுபக்கம். மேளமும் நின்றுவிட்டது. சரியாக நடந்து முடிந்த காரியம் இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பத்மா அக்கா கரை விளிம்புக்கு வந்தார்.

“கழட்டு தம்பி.”

“எதையக்கா?”

“உந்தக் காற்சட்டையை.”

நான் வேபரைப் பார்த்தேன். அவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். யோசித்தார். “தோலில் படாதென்றால் அவர் குளிக்கவில்லை,” என்றார்.

நான் ஏறி, கழற்றி, வேட்டியோடு நின்றேன். ரஞ்சியும் இன்னொருவரும் அக்காவின் பட்டுச்சேலையை மடித்துச் சுருட்டி ரப்பருக்குள் அடைத்தார்கள். பொதி கட்டுவது மாதிரி இருந்தது. அக்கா ஒரு பகிடியும் விடவில்லை. நான் கயிற்றை நீட்டினேன்.

“அது உனக்கு,” என்றார்.

இறங்கினார். முழங்கால், தொடை. ஐயருக்குப் பக்கத்தில் போய், சூலத்தைப் பார்த்துக் கையுறைக் கைகளைக் கூப்பினார். பிறகு இரண்டடி தள்ளி, ஓட்டம் வேகமாக இருந்த இடத்தில், மேலேயிருந்து வரும் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

நின்றார், நின்றுகொண்டே இருந்தார். எனக்கு மழைத்தண்ணீர், வழுக்கல், அவருடைய வயது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

“அக்கா, காணும். கெதியா ஏறுங்கோ. குளிருமல்லோ.”

“குளிர் உள்ளுக்கு வருது,” என்றார். திரும்பவில்லை. “ரப்பர் அதை மறிக்கேல்லை.”

“ஏறுங்கோ அக்கா.”

“தம்பி, இது என்னைத் தள்ளுதடா.”

நான் கரையில் முழங்காலில் விழுந்து கையை நீட்டினேன். “அதுதான் சொல்றன், கையைத் தாங்கோ.”

“சும்மா இரு,” என்றார் பத்மா அக்கா. “எங்கை கொண்டுபோகப் பாக்குது எண்டு பாத்திட்டு வாறன்.”